கண்ணடித்த முகமும் கட்டைவிரலும்

ஆண்கள் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில், "அடுத்த வாரம் பாங்காக் போகிறேன்" என்று யாராவது எழுதிப் பார்க்கட்டும். ஒரு நிமிடம் ஆகாது, கண்ணடித்த முக எமோஜி ஒன்று வந்து விழும். பின்னாலேயே நாக்கை நீட்டிய முகம், நெருப்பு, கண்ணைப் பொத்திக்கொண்ட குரங்கு. ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதியிருக்க மாட்டார். போகிறவர் மருத்துவ மாநாட்டுக்குப் போகலாம், புத்த விகாரைகளைப் பார்க்கப் போகலாம். அதைச் சொன்னால் இன்னும் நான்கு கண்ணடித்த முகங்கள் வரும். மறுக்க மறுக்கக் கூடுகிற சந்தேகம் அது.

பாலியல் சுற்றுலாவைப் பற்றிச் சமூகம் வைத்திருக்கும் கருத்து ஏறக்குறைய முழுவதுமாக அந்தப் படத்துக்குள் அடங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றும். கண்டிக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. எனக்குத் தெரியும், ஆனால் நான் எதுவும் சொல்லவில்லை என்கிற நிலை. சொல்லாதவரைப் பொறுப்பும் இல்லை. நாளைக்கு ஏதாவது விபரீதம் ஆனால், "சும்மா விளையாட்டுக்குப் போட்டேன்" என்று எல்லோரும் விலகிக்கொள்ளலாம். ஆனால் அதே படம் ஒரு வழக்கில் ஆவணமாக வந்து நின்றால் நீதிபதிக்கு அந்த வசதி கிடையாது. இதற்கு இன்ன பொருள் என்றோ, பொருள் நிரூபிக்கப்படவில்லை என்றோ அவர் தீர்ப்பில் எழுதியாக வேண்டும்.

முதலில் அந்தக் கண்ணடிப்புக்குப் பின்னால் உள்ள வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். சில ஊர்களின் பெயரைக் கேட்டாலே சிரிப்பு வருவது அந்த ஊர்க்காரர்களின் குணத்தால் வந்ததல்ல. தாய்லாந்தில் 1960இலேயே விபசாரத்தைத் தடைசெய்யும் சட்டம் வந்துவிட்டது. 1966இல் கேளிக்கை விடுதிகளுக்கு உரிமம் கொடுக்கும் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு, வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் ஓய்வுக்கு வந்துபோக ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒரு சட்டம் தடுக்கிறது, இன்னொரு சட்டம் மேடை போட்டுக் கொடுக்கிறது, ஓர் ஒப்பந்தம் வாடிக்கையாளரை விமானத்தில் கொண்டுவந்து இறக்குகிறது. இதைவிடப் பெரிய கண்ணடிப்பு இருக்க முடியுமா? போர் முடிந்து வீரர்கள் போனார்கள். கட்டிய விடுதிகளும் பழகிய வழிகளும் அப்படியே இருந்தன. சுற்றுலாப் பயணிகள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

1996இல் அங்கே புதிய சட்டம் வந்தது. சிறுவர்களைப் பயன்படுத்துவோருக்கும் தரகர்களுக்கும் விடுதி நடத்துவோருக்கும் கடுமையான தண்டனைகள் அதில் உண்டு. பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைப்பவருக்கு, தாய்லாந்து நாணயமான 'பாட்'டில் 1,000 வரை அபராதம். வயது வந்தவரிடம் பணம் கொடுத்துப் போகும் வாடிக்கையாளருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனையே இல்லை. விற்பவள் அபராதச் சீட்டோடு திரும்புவாள், வாங்கியவர் நினைவுப் பரிசுகளோடு திரும்புவார். சட்டத்தை எழுதியவர்களும் நம் வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர்கள்தாமோ என்னவோ.

தென்கொரியக் கதையும் ஏறத்தாழ இதே மாதிரிதான். 1970களில் ஜப்பானிய ஆண்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போனார்கள். 'கிசேங் சுற்றுலா' என்று அதற்குப் பெயர்; கிசேங் என்றால் ஆடிப் பாடி விருந்தினரை மகிழ்விக்கும் கொரியப் பெண்கள். அன்னியச் செலாவணி வருகிறதே என்று அரசும் ஊக்குவித்தது. அந்த ஏற்பாட்டில் முதலில் கல்லெறிந்தவர்கள் பெண்கள். 1973 டிசம்பரில் ஈஹ்வா மகளிர் பல்கலைக்கழக மாணவிகள் கிம்போ விமான நிலையத்துக்கே போய், வந்து இறங்கிய பயணிகளின் கண்ணெதிரே போராட்டம் நடத்தினார்கள். ஜப்பானியப் பெண்களும் தங்கள் பக்கத்தில் குரல் எழுப்பினார்கள். 1981இல் ஜப்பானியப் பிரதமர் சுசுகி தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்குப் போனபோது, போன இடத்திலும் இந்தச் சுற்றுலாவுக்கு எதிராகப் போராட்டம் நடந்தது. உலகச் சுற்றுலா அமைப்பு 1995இல் கெய்ரோவில் கூடித்தான் அமைப்புரீதியான பாலியல் சுற்றுலாவைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. மாணவிகள் விமான நிலையத்தில் நின்றதற்கும் அந்த அறிக்கைக்கும் நடுவே இருபத்திரண்டு ஆண்டுகள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காம்பியாவுக்கும் ஜமைக்காவுக்கும் ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்கள் போய், தங்களைவிட மிக இளைய உள்ளூர் ஆண்களோடு விடுமுறையைக் கழிப்பது பல காலமாக நடக்கிறது. பணமும் பரிசும் அங்கேயும் கை மாறுகின்றன. ஆனால் ஆய்வாளர்கள் அதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்: 'காதல் சுற்றுலா'. ஆண் போனால் குறும்பு, பெண் போனால் காதல் அல்லது கேலி, அந்த ஊர்ப் பெண்ணாகப் பிறந்து அங்கேயே இருந்தால் இழிவு. நடப்பது ஒன்றாக இருந்தாலும் ஆளுக்கேற்பப் பெயர் மாறுகிறது. சமூகத்தின் வாசிப்பு இப்படித்தான் நடக்கிறது. செய்தியைப் படிப்பதற்கு முன்பே அனுப்பியவரின் முகத்தைப் பார்த்துவிடுகிறது.

வயது வந்த இருவர் மனமொப்பிச் செய்துகொள்ளும் ஏற்பாட்டில் மூக்கை நுழைக்க எனக்கு ஆசை இல்லை. அந்தத் தொழிலில் இருக்கும் பெண்களைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பலமுறை அவர்கள் சோற்றில் மண்ணைப் போட்டிருக்கிறார்கள். என் எரிச்சல் வேறு. எதிரே இருப்பவருக்கு வயது என்ன, அவர் எப்படி அங்கே வந்தார், போக நினைத்தால் போக முடியுமா என்று கேட்காமலிருப்பதற்கு ஒரு வசதியாகவே அந்தக் கண்ணடித்தல் பயன்படுகிறது. சட்டத்துக்கும் இங்கேதான் வேலை.

வெளிநாட்டில் போய்க் குழந்தைகளைச் சீரழித்துவிட்டு வருகிறவர்களைச் சொந்த நாட்டிலேயே விசாரிக்கும் சட்டங்கள் 1990களில்தான் வரத் தொடங்கின. ஜெர்மனி 1993இலும் ஆஸ்திரேலியா 1994இலும் இயற்றின. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு சிக்கல் இருந்தது. குற்றம் செய்யும் நோக்கத்தோடுதான் அவர் பயணம் புறப்பட்டார் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். விமானம் ஏறும்போது ஒருவர் மனத்தில் என்ன இருந்தது என்பதற்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவது? "சுற்றிப் பார்க்கத்தான் போனேன், போன இடத்தில் நடந்துவிட்டது" என்றால் வழக்கு தடுமாறும். அதனால் 2003இல் வந்த 'புரொடெக்ட்' சட்டம் புதிய பிரிவு ஒன்றைச் சேர்த்தது. வெளிநாட்டில் அந்தச் செயல் நடந்தது என்று காட்டினால் போதும், புறப்படும்போது இருந்த நோக்கத்தைக் காட்ட வேண்டியதில்லை. தண்டனை 30 ஆண்டு வரை போகும். நார்வே 2009இல் இன்னும் ஒரு படி மேலே போனது: நார்வே குடிமகன் உலகில் எந்த மூலையில் பணம் கொடுத்து உடலுறவை வாங்கினாலும், எதிரே இருப்பவர் வயது வந்தவரானாலும், குற்றம்.

இந்தியச் சட்டம் வேறு திசையிலிருந்து வருகிறது. கடத்திக் கொண்டுவரப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ, அவரைப் பாலியல் சுரண்டலுக்கு ஈடுபடுத்தினால் குறைந்தது 3 ஆண்டு சிறை என்கிறது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. குழந்தை என்றால் குறைந்தது 5 ஆண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் 2013இல் சேர்க்கப்பட்ட பிரிவின் தொடர்ச்சி அது. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்த குற்றத்தையும் இங்கே விசாரிக்கலாம். அதற்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். இதில் 'நம்புவதற்குக் காரணம் இருந்தோ' என்ற தொடரைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். என்ன தெரிந்திருந்தது, எப்போது தெரிந்திருந்தது என்ற கேள்வி வந்துவிட்டால், பயணத்துக்கு முன்பு நண்பர்களுக்குள் பறந்த படங்களும் சாட்சியாகத் தொடங்கும். எதையும் சொல்லாமலிருக்கக் கண்டுபிடித்த வழியே சொன்னதற்குச் சான்றாகிவிடுகிற விசித்திரம் இது.

அப்படி வந்தால் நீதிமன்றம் அதை எப்படிப் படிக்கும்? இதுவரை வந்த எமோஜித் தீர்ப்புகளில் எனக்குப் பிடித்தது ஓர் ஆளிவிதை வழக்கு. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம். 2021 மார்ச்சில் ஒரு தானியக் கொள்முதல் நிறுவனத்தின் ஆள் ஒரு விவசாயியிடம் தொலைபேசியில் பேசுகிறார். புஷல் (தானிய அளவு) 17 டாலர் என்ற விலையில், நவம்பரில் சரக்கு தருவதாக ஒப்பந்தம் எழுதி, தான் கையெழுத்திட்டு, அதைப் படமெடுத்து அனுப்புகிறார். "ஆளிவிதை ஒப்பந்தத்தை உறுதிசெய்யவும்" என்று கூடவே ஒரு வரி. விவசாயி உயர்த்திய கட்டைவிரல் ஒன்றை அனுப்புகிறார். நவம்பர் வருகிறது, சரக்கு வரவில்லை. அதற்குள் விலை புஷலுக்கு 41 டாலராக ஏறியிருந்தது.

"ஒப்பந்தம் கிடைத்தது என்பதற்காகத்தான் கட்டைவிரலைப் போட்டேன், சம்மதத்துக்கு அல்ல" என்றார் விவசாயி. நீதிபதி கீன் ஒரு இணைய அகராதியையும் திறந்து பார்த்தார். ஆனால் தீர்ப்பு நின்றது வேறோர் இடத்தில். அந்த இருவரும் அதற்கு முன்பும் இதே முறையில் வியாபாரம் செய்திருந்தார்கள். கொள்முதல் ஆள் ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்புவார். விவசாயி "நன்றாக இருக்கிறது" என்றோ "சரி" என்றோ "ஆம்" என்றோ ஓரிரு சொல்லில் பதில் போடுவார். கோதுமை போய்ச் சேரும், பணம் வந்து சேரும். அப்போதெல்லாம் "கிடைத்தது என்றுதான் சொன்னேன்" என்று அவர் சொல்லவில்லை. அந்த "சரி" இருந்த இடத்தில்தான் இந்தக் கட்டைவிரல் வந்து உட்கார்ந்தது. ஆகவே அது சம்மதம், கையெழுத்தும்கூட என்றது நீதிமன்றம். சுமார் 82,000 கனடிய டாலர் இழப்பீடு. இதை விட்டால் நாளைக்கு முட்டி மோதும் கைக்கும் கைகுலுக்கும் படத்துக்கும் பொருள் கேட்டு வழக்குகள் குவியும் என்று விவசாயி தரப்பு வாதிட்டது. வந்தால் சந்திக்க வேண்டியதுதான் என்பது நீதிபதியின் நிலை. 2024இல் மேல்முறையீட்டிலும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு நின்றது. விலை ஏறியிருக்காவிட்டால் அந்தக் கட்டைவிரலைப் பற்றி யாருமே பேசியிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இதே கட்டைவிரல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கும் வந்தது. ரயில்வே பாதுகாப்புப் படையில் ஓர் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. காவலர் ஒருவர் அதன் கீழ்க் கட்டைவிரலைப் போடுகிறார். கொலையைக் கொண்டாடினார் என்று அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். 2024இல் இரு நீதிபதிகள் அமர்வு, அது 'சரி, பார்த்தேன்' என்பதற்கு மாற்றாக இருக்கலாம், கொலையைக் கொண்டாடியதாகக் கொள்ள முடியாது என்று சொல்லி, அவரை மீண்டும் பணியில் சேர்க்கச் சொன்ன உத்தரவை உறுதிசெய்தது. ஒரே விரல்தான். ஆளிவிதைக்காரருக்குக் கையெழுத்தாகவும் காவலருக்கு வெறும் 'பார்த்தேன்' ஆகவும் நின்றது. இரண்டு தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று முரண் என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். முன்னவர் கட்டைவிரலுக்குப் பின்னால் ஒரு வியாபாரப் பழக்கம் இருந்தது, அதன் மீது எதிர்த்தரப்பு நம்பிக்கை வைத்து இறங்கியது. பின்னவர் விஷயத்தில் கொண்டாட்டம் என்று காட்ட அந்தப் படத்தைத் தவிர எதுவும் இல்லை.

அதே மதுரைக் கிளையில் 2018இல் வந்த இன்னொரு வழக்கில், ஒரு பெண் அதிகாரி சம்பந்தப்பட்ட காணொலிக்குக் கீழே சக ஊழியர்கள் கண்ணீர் வரச் சிரிக்கும் முகங்களைப் போட்டிருந்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரை போனது புகார். எமோஜி என்பது ஒருவர் தன் உணர்வை வெளிப்படுத்துவது, பிறர் மீது செய்த செயலாக அதைக் கொள்ள முடியாது என்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் வழக்கை ரத்துசெய்தார். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் ஒரு அலுவலகக் குழுவில் பலர் சேர்ந்து சிரிப்பதற்கும் தனி ஒருவர் சிரிப்பதற்கும் உள்ள வேறுபாடு, அந்தச் சிரிப்புக்கு இலக்கானவருக்குத்தான் தெரியும். நீதிமன்றத்தின் அளவுகோலில் அது விழவில்லை.

இஸ்ரேல் வழக்கு ஒன்று வேடிக்கையானது. 2017. வீடு தேடிய தம்பதியினர் வீட்டுக்காரருக்கு, "வீடு எங்களுக்கு வேண்டும்" என்று எழுதி, சிரித்த முகம், நடனமாடும் பெண், ஜோடியாக ஆடும் பெண்கள், வால்நட்சத்திரம், அணில், மதுப் புட்டி என்று வரிசையாக அனுப்பினார்கள். அவர் மகிழ்ந்துபோய் விளம்பரத்தை எடுத்துவிட்டார். இவர்கள் பிறகு பதிலே போடவில்லை. அணிலுக்கு என்ன பொருள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நீதிபதியும் அதில் இறங்கவில்லை. ஒப்பந்தம் ஏற்படவில்லைதான், ஆனால் வீட்டுக்காரர் நம்பும்படியாக இத்தனை கொண்டாட்டம் காட்டிவிட்டு விலகியது நேர்மையற்ற பேச்சுவார்த்தை என்று சொல்லி 8,000 ஷெக்கல் கொடுக்கச் சொன்னார்.

ஒப்பந்தம் பற்றிய இந்த வழக்குகளில் படத்தைப் பெற்றவர் அதை எப்படிப் புரிந்துகொண்டார், அப்படிப் புரிந்துகொள்ள அவருக்கு நியாயம் இருந்ததா என்றே நீதிமன்றம் பார்க்கிறது. பாலியல் வணிகத்துக்கு வரும்போது இது தலைகீழாகிவிடும். அங்கே படம் சங்கேதம். வெளியாளுக்குப் புரியக்கூடாது என்பதற்காகவே அது இருக்கிறது. அமெரிக்க விளம்பரங்களை ஆராய்ந்தவர்கள் சொல்வது: ரோஜா என்றால் டாலர், விமானம் என்றால் ஊருக்குப் புதிதாக வந்தவர் அல்லது ஊர் ஊராகப் போகிறவர், கிரீடம் என்றால் பின்னால் ஒரு முதலாளி இருக்கிறான். விமானப் படத்தைப் பற்றி யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது. சுற்றுலா என்றால் வாடிக்கையாளர் பயணம் செய்வது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்குப் பெண்ணைப் பயணம் செய்ய வைப்பதும் அதே வியாபாரம்தான். அவள் தன் விருப்பத்தில் ஊர் மாறினாளா, மாற்றப்பட்டாளா என்பதை அந்தச் சின்ன விமானம் சொல்லாது.

கலிபோர்னியாவில் ஒரு வழக்கு. தரகு வேலை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு பெண்ணுக்கு இன்ஸ்டாகிராமில், கூட்டாக உழைத்தால் கனவு பலிக்கும் என்ற பொருளில் ஒரு வரி எழுதி, கூடவே குதிகால் உயர்ந்த செருப்பும் பணமூட்டையும் அனுப்பியிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு சம்பாதிக்க வா என்பதுதான் அதன் பொருள் என்று அரசுத் தரப்பு நிபுணர் சாட்சி சொன்னார். காதலிக்க முயன்றேன், அவ்வளவுதான் என்பது எதிர்வாதம். மற்ற சாட்சியங்களும் சேர்ந்து தண்டனை உறுதியானது; படம் மட்டும் வழக்கை முடித்துவைக்கவில்லை.

முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. நெருடுவது அந்த நிபுணர்தான். இந்த மாதிரி வழக்குகளில் நிபுணராகக் கூண்டில் ஏறுபவர் பெரும்பாலும் காவல்துறையைச் சேர்ந்தவராக இருப்பார். கைதான தரகர்களின் செல்பேசிகளில் பார்த்துப் பார்த்துப் பழகியவர். கிரீடம் என்றால் அவருக்குத் தரகன்தான். ஆனால் பிறந்தநாள் வாழ்த்துக்கும் அழகிப் போட்டிக்கும் சும்மா பெருமைக்கும் கிரீடம் போடுகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் அவர் கையில் சிக்குவதில்லை. ஆளைப் பார்த்துப் படத்துக்குப் பொருள் சொல்லும் பழக்கம், நிபுணர் என்ற பெயரில் நீதிமன்றத்துக்குள் நுழைய இங்கே வழி இருக்கிறது. இறுக்கமான உடையோடு ஒரு படம், ஏழ்மையான நாட்டின் கடவுச்சீட்டு, அதோடு ஒரு ரோஜா. அவ்வளவு போதும், அவள் என்ன எழுதியிருந்தாலும் படித்து முடித்துவிடுவார்கள்.

படமே எல்லார் கையிலும் ஒன்றாக இருப்பதில்லை என்ற தொழில்நுட்பச் சங்கடம் வேறு. ஆப்பிள் 2016இல் கைத்துப்பாக்கி எமோஜியை நீர்த்துப்பாக்கியாக மாற்றியது. மற்ற நிறுவனங்கள் மாற்ற 2018 ஆனது. நடுவில் இருந்த இரண்டு ஆண்டுகளில் ஒருவர் விளையாட்டுத் துப்பாக்கியை அனுப்ப, எதிரே இருந்தவர் செல்பேசியில் நிஜத் துப்பாக்கி தெரிந்தது. அந்த மாற்றத்துக்குச் சற்று முன்புதான் பிரான்சில் முன்னாள் காதலிக்குத் துப்பாக்கிப் படம் அனுப்பிய இளைஞருக்கு அதை மிரட்டலாகக் கொண்டு சிறைத்தண்டனை கொடுத்திருந்தார்கள். 2015இல் நியூயார்க்கில் நடந்த, இணையத்தில் போதைப்பொருள் விற்ற 'சில்க் ரோடு' சந்தை பற்றிய வழக்கில், அரட்டைகளை வாசித்தபோது அரசுத் தரப்பு எமோஜிகளை விட்டுவிட்டு வாசித்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆட்சேபித்தார். அவையும் சாட்சியத்தின் பகுதிதான், ஜூரிகள் தாங்களே பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும் என்றார் நீதிபதி. இந்தக் கட்டுரையில் நான் செய்துகொண்டிருப்பதும் படத்தைக் காட்டாத அரசுத் தரப்பின் அந்த வாசிப்புத்தான்: 'கண்ணடித்த முகம்' என்று சொல்லிவிட்டேன், உங்களுக்குத் தெரிகிற முகமும் எனக்குத் தெரிகிறதும் ஒன்றா என்று யார் பார்த்தார்கள்?

பாலியல் வணிக வழக்குகளில் எமோஜிக்குப் பொருள் சொல்ல நிபுணர் வேண்டும் என்றால், காவல் அதிகாரியோடு அந்தத் தொழிலில் இருக்கும், அல்லது இருந்து விலகிய, பெண்களையும் கூண்டுக்கு அழைக்க வேண்டும் என்பது என் கட்சி. ரோஜாவை யார் போடுகிறார்கள், விமானத்தை அவளே போட்டாளா, அவள் செல்பேசியை வைத்திருப்பவன் போட்டானா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வாடிக்கையாளர் எதைப் பார்த்து எதைப் புரிந்துகொண்டு வருகிறார் என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. 'நம்புவதற்குக் காரணம் இருந்ததா' என்ற கேள்விக்கு அதைவிட நேரடியான சாட்சி எங்கே கிடைக்கும்? அவர்களைக் குற்றவாளியாகவும் பாதிக்கப்பட்டவராகவும் ஏற்றிப் பழகிய அதே கூண்டில், விஷயம் தெரிந்தவராகவும் ஒருமுறை ஏற்றிப் பார்க்கட்டும். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே, "நீ எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தாய்?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வியை நீதிபதி அனுமதிப்பாரா என்று பார்க்க எனக்கு ஆவல்.